மெரூன் பஞ்சு

மருமகள் அந்த வார்த்தையைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில், அவளுடைய அண்ணனையும் அண்ணியையும் உட்கார வைத்துக்கொண்டு.

அவளுக்குப் பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலை. எல்லாம் வீட்டிலிருந்தபடியே, ஒரு லேப்டாப்பில். இரண்டு மாதமாக அது அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அதைத் திறந்து வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டே வரலாம். அப்போதும் பாதிதான் விழித்திருக்கும். அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டியாகச் சுடும். அன்று காலை அறிவியல் பாடம் ஒன்றை முடிக்கப்போகிற நேரத்தில் திரை அப்படியே நின்று, பொட்டென்று அணைந்துவிட்டது. பதினான்கு பக்கம் போனது போனதுதான்.

அந்த வயிற்றெரிச்சலோடு பரிமாறிக்கொண்டிருந்தவளின் காதில், மாமனாரிடம் அண்ணன் பேச்சுக் கொடுப்பது விழுந்தது. மாமா இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏதோ விளையாடுகிறாராமே என்று கேட்டான். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். மதியம் அவள் சற்றுக் கண்ணயரும் அரை மணி நேரம் லேப்டாப்பை எடுத்துக்கொள்வார். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

“மாமா தொட ஆரம்பிச்ச பிறகுதான் அதுக்கு இந்தக் கதி. கண்டதையும் அமுக்கினா எந்த மெஷின் தாங்கும்? இனிமே அதைத் தொடாதீங்க மாமா.”

அண்ணி தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். மாமனார் “சரிம்மா” என்றார். மிச்சச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

மூன்று வாரம் அவர் லேப்டாப் பக்கமே வரவில்லை. மதியங்களில் பால்கனியில் உட்கார்ந்து, காலையில் படித்து முடித்த செய்தித்தாளையே மறுபடி படித்தார். லேப்டாப்போ இன்னும் மோசமானது. அது ஏன் என்று அவள் மனம் ஒன்றிரண்டு தடவை கேட்கத்தான் செய்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி அவள் அதை அடக்கிவிட்டாள்.

கடையில் கொடுத்தால் நான்கு நாளாகும் என்று கணவன் விசாரித்து வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல், கைபேசியில் ஒரு வீடியோவை ஓடவிட்டுத் தானே திறந்து பார்ப்பது என்று துணிந்தாள். ஆனால் அந்தப் பொடி திருகாணிகளுக்கு ஏற்ற ஸ்க்ரூடிரைவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மாமனார் மூக்குக்கண்ணாடியை முடுக்க வைத்திருப்பது. சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று அவருடைய மேசை இழுப்பறையைப் பாதி இழுத்தும்விட்டாள். பிறகு மனசு கேட்காமல் மூடிவிட்டு, பால்கனிக்குப் போய்க் கேட்டாள்.

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் வெளிச்சம் போதவில்லை என்று பார்த்ததும் டார்ச்சையும் கொண்டுவந்தார்.

“நான் எதையும் தொடலம்மா. லைட் மட்டும் பிடிக்கிறேன்.”

அவள் தலை குனிந்தபடி திருகத் தொடங்கினாள். சார்ஜரைப் பிடுங்கியாயிற்று. பத்துத் திருகாணிகளை ஒரு பாட்டில் மூடியில் போட்டாள். பழைய அடையாள அட்டையின் விளிம்பைச் செருகி அடிமூடியை நெம்பினாள். உள்ளே, விசிறிக்குப் பக்கத்தில், சூடான காற்று வெளியே போகும் சந்து இருந்த இடமே தெரியவில்லை. கம்பளித் துண்டு போல ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுத்ததும் மொத்தமும் ஒரே துண்டாக வந்தது.

மெரூன் நிறப் பஞ்சு.

அந்த வீட்டில் மெரூன் நிறத்தில் இருந்தது ஒன்றுதான். அவளுடைய கட்டில் போர்வை. நாற்காலியில் முதுகு வலிக்கிறது என்று, மூன்று மாதமாக அந்தப் போர்வை மேல் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்து வேலை பார்த்தவள் அவள்தான்.

டார்ச் வெளிச்சம் லேசாக அசைந்தது. மாமனாரும் பார்த்துவிட்டார். அவர் பார்வை ஒரு நொடி படுக்கையறைப் பக்கம் போய்த் திரும்பியது.

“வீடுன்னா தூசி இருக்கத்தானேம்மா செய்யும்” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விசிறி சுழலாமல் ஒரு பல்குச்சியால் தடுத்துப் பிடித்து, தூரிகையால் மிச்சத் தூசியைத் தட்டி, மூடி, திருகாணிகளை மாட்டினாள்.

ஆன் செய்தபோது சூடு இல்லை. வேகம் மட்டும் முழுதாக வரவில்லை. வீடியோவில் சொன்னபடி, திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலை எடுத்தாள். பதினொன்று இருந்தன. அதில் மூன்று, கணினியை வேகமாக்கித் தருகிறோம் என்று சொல்பவை. மூன்றையும் வெவ்வேறு நாளில் பதற்றத்தில் இறக்கிப் போட்டது அவளேதான். மாமனார் பங்குக்கு அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. அவர் விளையாடியது ஒரு இணையப் பக்கத்தில், அவ்வளவுதான்.

வேண்டாததையெல்லாம் நீக்கியதும் லேப்டாப் சொன்ன பேச்சைக் கேட்டது. அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. உங்க ஆட்டத்தைப் பாருங்க மாமா என்று அந்தப் பக்கத்தை அவளே திறந்து அவர் முன் நகர்த்தினாள்.

செஸ் பலகை வந்தது. மேலே, நேரம் கடந்ததால் தோல்வி என்று எழுதியிருந்தது. ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நாள் கெடு. எதிர் ஆட்டக்காரர் தபால் அலுவலகத்தில் அவரோடு அதே மேசையில் கடிதம் பிரித்தவர், இப்போது மகளோடு தொலைதூரத்தில் இருப்பவர். பக்கவாட்டில் அந்த நண்பருடைய செய்திகள் வரிசையாக இருந்தன. உன் முறை. உடம்பு சரியில்லையா. நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா. கடைசிச் செய்தி வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. என் போன்லயாவது...”

“நீதானேம்மா தொட வேண்டாம்னு சொன்ன” என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. மணி என்ன என்று கேட்டால் சொல்வாரே, அப்படி.

“தப்பு என்னோடது மாமா. நாலு பேர் முன்னாடி உங்களைச் சொல்லிட்டேன்.”

விடு என்பது போலக் கையை அசைத்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி நண்பருக்குப் பதில் எழுதினார். லேப்டாப் ரிப்பேர், இப்போதுதான் சரியானது. அவ்வளவுதான் எழுதினார். பின்னால் நின்று படித்தவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

அன்று மாலையே அண்ணனை அழைத்து, அண்ணிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான், மாமா இல்லை என்றாள். போர்வையையும் விடவில்லை, அந்த மூன்று புரோகிராம்களையும் விடவில்லை, எல்லாம் சொன்னாள். இதுக்குப் போயா போன் பண்ணின என்று அண்ணன் சிரித்தான். “சிரிக்காத. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. அதான்” என்றாள். அவன் சிரிப்பை நிறுத்தினான். அடுத்த அறையில் மாமனார் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போனது. நண்பர்கள் புது ஆட்டம் தொடங்கி, அதில் மாமனார் வெகு சீக்கிரம் தோற்று, அடுத்ததற்குப் போய்விட்டார்கள். ஆனாலும் முன்பெல்லாம் உரிமையோடு எடுத்துக்கொண்டவர் இப்போது ஒவ்வொரு மதியமும் அவள் அறை வாசலில் நின்று, “எடுத்துக்கலாமாம்மா?” என்று கேட்கிறார். கேட்க வேண்டாம் என்று அவளும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். சரிம்மா என்று தலையாட்டுவார். மறுநாளும் வந்து கேட்பார்.