சேவலை அறுத்த காலை

கத்தியை அவன் திருப்பிக் கேட்டு வாங்கினானா, நானாகவே நீட்டினேனா என்பதை இப்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது.

2006இல் மல்லாவி ஊருக்கு, இடுப்பில் கட்டும் சாறன் விற்கப் போன என்னை, உளவு பார்க்க வந்தவன் என்று ஆயுதக்காரர்கள் பிடித்தார்கள். காட்டோர வீடொன்றில் பூட்டி வைத்தார்கள். காவலுக்கு இருவர். யோகநாதன் என்னோடு பேசமாட்டான். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரனான இன்னாசித்தம்பியால் பேசாமல் இருக்க முடியாது; முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல என்னை 'நானா' என்று கூப்பிடுவான்.

எங்கள் மார்க்க முறைப்படி அறுக்காததால், அவர்கள் சமைக்கும் இறைச்சியை நான் தொடுவதில்லை. யோகநாதன் அரிசி வாங்கப் போன ஒரு காலை, இன்னாசித்தம்பி சேவலோடு வந்து கதவைத் திறந்தான்.

"நானா, வாங்கோ. உங்கட முறைப்படி நீங்களே அறுங்கோ. நீங்கள் பருப்போட இருக்க, எனக்குக் கறி இறங்குதில்லை."

"யோகநாதன் கண்டா?"

"அவனுக்கும் ஒரு கால் குடுப்பம். வாய் அடைச்சிடும்."

கத்தியை என் கையில் தந்தான். தோளில் தொங்கிய துவக்கைப் பாலை மரத்தில் சாத்திவிட்டு, சேவலின் கால்களைப் பிடித்தபடி என் முன்னால் குனிந்தான். பிடரி வியர்த்திருந்தது. அவனுக்குப் பின்னால் காடு. செட்டிகுளத்தில் என் மனைவி முனவ்வறாவுக்கு நான் உயிரோடு இருப்பதுகூடத் தெரியாது.

நான் அசையாமல் நின்றேன்.

"என்ன நானா, கோவம் சேவலோடயோ, என்னோடயோ?" நிமிராமலே சிரித்தான்.

பிஸ்மில்லா சொல்லிச் சேவலை அறுத்தேன். கத்தி அவனிடம் போனது.

சாப்பிடும்போது அவன் சிரிக்கவில்லை.

"அரிசி முடியேல்லை நானா. யோகநாதனை ஏன் அனுப்பினனான் எண்டு நினைக்கிறியள்? நீங்கள் ஓடித் தப்புவியள் எண்டு எதிர்பாத்தன்."

"நான் ஓடினா உங்களை என்ன செய்வாங்க, தம்பி?"

எழுந்து கை கழுவினான். பிறகு என்னை உள்ளே விட்டுப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குத்தான் இன்றுவரை பயப்படுகிறேன்.

2008 தொடக்கத்தில் என்னை விட்டார்கள். அதற்குள் நான் இறந்துவிட்டேன் என்று நம்பி, முனவ்வறா கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா காலத்தை இருந்து முடித்து, மறுமணம் செய்திருந்தாள். நான் அவளைத் திரும்பக் கேட்கவில்லை. அவள் புத்தளத்தில் இருக்கிறாள். யோகநாதன் 2009இல் ஷெல் விழுந்து செத்தான். இன்னாசித்தம்பி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. அவன் மனைவி சுசிலா தேடிக்கொண்டிருக்கிறாள். நான் செட்டிகுளத்தில் தனியாக இருக்கிறேன்.