ஆசைத்தம்பி கடலில் விட்ட சொல்

இது நடந்தது கொரோனாவுக்கு முந்திய ஆண்டா பிந்திய ஆண்டா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை; அந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நினைவுக்கு வருகின்றன. ஒக்கூர் தச்சர் ஆசைத்தம்பி சொல்லும் ‘ஹானஸ்ட்லி’ அவர் வீட்டுப் பாத்திரங்களில் தங்கிவிடும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மனைவி சரஸ்வதி இட்லிக் கொப்பரையைத் திறந்தால் ஆவியோடு ஒரு ஹானஸ்ட்லி வெளியே வரும். குடத்தைச் சாய்த்தால் இன்னொன்று. புளி கரைத்த கிண்ணத்தில் மட்டும் தங்காது. புளிப்புக்கு ஆகாது என்று சொன்னார்கள். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டை விடுதியாக மாற்றியபோது, மேற்பார்வைக்கு வந்த சென்னைப் பொறியாளரிடமிருந்து அவர் பிடித்த சொல் அது. பொறியாளர் ‘ஆனஸ்ட்லி’ என்றுதான் சொல்வார். ஆசைத்தம்பி அதை எழுதிக் காட்டச் சொன்னார். எழுத்தில் ஹ இருந்தது. கைக்கு வந்த மரத்தில் ஒரு துண்டையும் வீணாக்காதவர், அந்த ஹ-வையும் விடவில்லை. நெஞ்சிலிருந்து காற்றை இழுத்து அழுத்திச் சொன்னார்.

“ஹானஸ்ட்லி, ரசம் நல்லா இருந்துச்சு சரசு.”

“ரசத்துக்கு எதுக்கு இங்கிலீசு? வெந்நிய வாயில ஊத்திக்கிட்ட மாதிரில்ல சொல்றீக.”

மகள் சண்முகப்ரியாவைப் பெண் பார்க்க அரியக்குடியிலிருந்து வந்தார்கள். “ஹானஸ்ட்லி, எம்புள்ளைக்குச் சமையல் அவ்வளவா வராது” என்று ஆரம்பித்து ஆசைத்தம்பி நெடுநேரம் பேசினார். பிறகு வந்தவர்கள் காபி டம்ளரை எடுக்க எடுக்க, ஒவ்வொரு டம்ளரும் அந்தச் சொல்லைச் சொன்னது. மாப்பிள்ளையின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அவுக முடிச்சாலும் டம்ளரு முடிக்க மாட்டேங்குதே” என்றாள். போனவர்களிடமிருந்து தகவல் வரவில்லை.

“ஏப்பா, அந்த வார்த்தை இல்லாம ஒங்களுக்குப் பேசவே வராதா?” என்று சண்முகப்ரியா கேட்டாள்.

“தெரியலத்தா” என்றார்.

காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவது வழக்கம். காசி எட்டாதவர்கள் எங்கள் பக்கத்தில் ராமேசுவரத்திலேயே விடுவார்கள். ராமேசுவரம் போனபோது ஆசைத்தம்பி பாகற்காயை விடுவதாகச் சொன்னார். “பாவக்காய் என்னைக்கு ஒங்களுக்குப் பிடிச்சுச்சு? பிடிச்சதத்தான் விடணும். அந்த வார்த்தைய விடுங்க” என்றாள் சரஸ்வதி. அவர் இடுப்பளவு கடலில் நின்று, கடைசியாக ஒருமுறை ஹ-வை அழுத்திச் சொல்லிவிட்டு முழுகினார். வீடு தெளிக்க அவள் அந்த இடத்திலேயே ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, செம்பின் வாயைத் துணியால் கட்டினாள். ஊர் திரும்பியபோது பாத்திரங்கள் வெறும் பாத்திரங்களாக இருந்தன. அந்த நிம்மதியில் தெளிக்க மறந்து, செம்பைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள்.

அதன்பின் அவர் ரசம் குடித்துவிட்டு வாயைத் திறப்பார். மூடிக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். உப்பு கம்மி, பஸ் வந்துவிட்டது, கதவு தரையில் இழுக்கிறது என்பதெல்லாம் தடையில்லாமல் வந்தன. விட்ட காய் இலையில் விழுந்தால் பக்கத்துச் சோற்றையும் சேர்த்து ஒதுக்குவதுபோல, அந்தச் சொல்லைத் தொட்டு வரும் பேச்சையெல்லாம் அவர் ஒதுக்கியிருந்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு சித்திரையும் மறு சித்திரையும் இப்படியே போயின. ஒரு காலையில் சட்டை போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். கை நெஞ்சில் இருந்தது. காற்றை இழுத்தார்.

“என்னங்க, சொல்லுங்க” என்றாள்.

“கொடைய எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

நேமத்தான்பட்டி விடுதியில், தான் பொருத்திய கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று வீடு தெளிக்கத் தண்ணீர் கேட்டார்கள். சரஸ்வதிக்குச் செம்பு நினைவு வந்தது. துணியை அவிழ்த்ததும் செம்பு, அவர் குரலில், ஹ-வை அழுத்தி, ஹானஸ்ட்லி என்றது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவள் செம்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

“ம், சொல்லுங்க” என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சண்முகப்ரியாவுக்குச் சிவகங்கையில் அரசு வேலை. கல்யாணமும் அங்கேயே ஆயிற்று. பொறியாளர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். விடுதியில் அந்தக் கதவு இழுக்காமல் சாத்த வருகிறது. சரஸ்வதி ஒக்கூரில்தான் இருக்கிறாள். செம்புத் தண்ணீர் வற்றவில்லை. விளக்கேற்றியதும் துணியை அவிழ்க்கிறாள், அது சொல்கிறது, சொல்லுங்க என்கிறாள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி கட்டுகிறாள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறாள்.