மருந்து வாடை அடித்த குட்டி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாய்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

யன்ஜின்மா தலைநகர் ஊலான்பாதரிலிருந்து வந்த கால்நடை டாக்டர். மலையில் திரியும் அர்கலிக் காட்டுக்கிடாவின் விந்தை உறைய வைத்துக் கொண்டுவந்து, எங்கள் செம்மறிகளில் நாற்பதுக்குக் குழலால் செலுத்தியிருந்தாள். பிறக்கும் குட்டிகள் எந்தப் பனியையும் தாங்கும் என்பது அவள் நம்பிக்கை. சினை பிடித்ததோ ஒன்றே ஒன்று. ஆறு வருஷ உழைப்பும் அந்த ஒரு வயிற்றில்தான் இருந்தது. அதனால்தான் மூன்று வாரமாக எங்கள் கூடாரத்திலேயே கிடந்தாள். அவள் மேல் அடித்த மருந்து வாடைக்கு எங்கள் நாய் குரைத்துத் தீர்த்தது.

மத்தியானம் பட்டியில் அந்த ஆடு குட்டி போட்டது. நெட்டைக் கால், திமிர் பிடித்த பார்வை. நான் தேநீர் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் புண்ணியவதி என்ன செய்தாள் தெரியுமா? கிருமி ஒட்டக் கூடாதென்று மருந்து போட்டு, தலை முதல் குளம்பு வரை துடைத்தே விட்டாள். தாய் முகர்ந்து பார்த்தது. தன் குட்டி வாடையே இல்லை. ஒரே முட்டு. குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

"அடிப்பாவி! தாய் நக்க வேண்டியதை எல்லாம் துணியால வழிச்சு எடுத்துட்டியே! இதுக்கா அத்தனை படிப்பு படிச்சே?"

ஏற்கெனவே எனக்குச் சளி. கத்தக் கத்தத் தொண்டை கட்டி, கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றே போனது.

குட்டி பால் புட்டியின் ரப்பர் காம்பைத் துப்பியது. பொழுது சாய்வதற்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் விறைத்துவிடும். குட்டி மேல் உப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். தாய் உப்பை மட்டும் நக்கிவிட்டு மறுபடி முட்டியது. இனிப் பாட்டுதான். குட்டியை ஏற்காத ஆட்டின் அருகே உட்கார்ந்து "தோய்க், தோய்க்" என்று அது மனம் இளகும்வரை இழுத்து இழுத்துப் பாடுவோம். எங்கள் பட்டியில் பாடுகிறவள் நான். என் தொண்டையிலோ வெறும் காற்று.

"இருபத்தஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் வாயை மூடியிருக்கா" என்றார் என் வீட்டுக்காரர் கொம்போ. "அதுவும் பாரு, பாட வேண்டிய நேரத்துல!"

அவரை முறைத்துவிட்டு யன்ஜின்மாவைக் கை காட்டினேன்.

"நானா? ஐயோ அக்கா, எங்கப்பா பட்டியில நான் வாயைத் திறந்தா ஆடெல்லாம் எழுந்து போயிடும்!"

"இது எங்க போகும் டாக்டரம்மா? கட்டித்தானே வெச்சிருக்கு" என்றார் கொம்போ.

குட்டியை மடிக்காம்பருகே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கர்ண கடூரம். நாய்தான் முதலில் எழுந்து போனது. கொம்போ சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். அவள் நிறுத்தவில்லை. வெளிச்சம் மங்க மங்க, குட்டியின் தலை துவண்டு அவள் கையில் சாய்ந்தது. அப்போது அவள் குரல் உடைந்தது. அழுதுகொண்டே "தோய்க், தோய்க்" என்றாள். குட்டி செத்தால் இவளை எப்படித் தேற்றுவேன்? திட்டத்தான் எனக்குத் தெரியும்.

ஆடு காலால் உதைப்பதை நிறுத்தியது. அசை போடுவதையும் நிறுத்தியது. மெல்லத் திரும்பி, குட்டியின் வாலடியை முகர்ந்து, தொண்டைக்குள் முனகியபடி நக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குட்டியின் குட்டை வால் படபடவென்று ஆடியது.

"குடிக்குது! அக்கா, குடிக்குது!"

"மூச்சு முட்டத் திட்டினியே, இப்ப நல்லதா நாலு வார்த்தை சொல்லேன்" என்றார் கொம்போ.

சொல்ல ஆசைதான். குரல் எங்கே? அவளை இழுத்து, நாங்கள் பிள்ளைகளைக் கொஞ்சுவதுபோல் கன்னத்தில் மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தேன். சாணம், சீம்பால், ஆட்டு மயிர். மருந்து வாடை துளிக்கூட இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே மற்றக் கன்னத்தையும் காட்டினாள்.