ரெண்டு!

வெள்ளம் வடிந்த நான்காம் நாள், ஓப்பலின் வீட்டு வாசலில் மண்வெட்டியும் வாளியுமாக ஆறு பேர் வந்து நின்றார்கள். கிழக்குக் கென்டக்கியின் அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களைத் தெரியாதவர் கிடையாது. மறுவாழ்வு இல்லத்துக்காரர்கள். போதை மாத்திரைக்காக ஊரைச் சுரண்டியவர்கள், இப்போது ஊர்ச் சேற்றைச் சுரண்ட வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஓப்பல் இடுப்பில் கையை ஊன்றி வழிமறித்தாள்.

"திருடன் கையிலயே சாவியக் குடுக்கச் சொல்றீங்களா?"

"சாவி எதுக்குக்கா? கதவையே ஆறு தூக்கிட்டுப் போயிருச்சே," என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான டெஸ்ஸா.

ஓப்பலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள்.

"மாத்திரையோ சாராயமோ கண்ணுல பட்டா நாங்க தனியாத் தொட மாட்டோம்," என்று டெஸ்ஸா சொல்லி வைத்தாள். "'ரெண்டு'ன்னு கத்துவோம். இன்னொரு ஆள் வந்து நின்னப்புறம்தான் கை வைப்போம். பயப்படாதீங்க."

அவள் மாத்திரையை விட்டு ஏழு மாதம். அவள் மகளைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை நீதிமன்றம் சொல்லிவிடும். இடையில் ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலும் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளை போய்விடும்.

சமையலறை மேல்தட்டில் நனையாமல் தப்பித்த மாவு டப்பாவை எடுத்தாள். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. மாவு கிலுகிலுக்காது. யோசிப்பதற்குள் கை மாவுக்குள் போய், ஒரு சின்னப் புட்டியோடு வெளியே வந்திருந்தது. மருந்துக்கடைச் சீட்டில் அவள் விட்டொழித்த அதே வலி மாத்திரையின் பெயரும், அதை வாங்கிய நோயாளியாக யாரோ கிளாடிஸ் என்பவளின் பெயரும்.

வாயில் எச்சில் ஊறியது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ரெண்டு!"

வந்தது வெண்டல். பழைய சுரங்கத் தொழிலாளி. மாத்திரையை விட்டு ஒன்பதே நாள். அவன் கண் புட்டியை விட்டு நகரவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு போட்டா யாருக்குத் தெரியப்போகுது, டெஸ்ஸா?"

பூனைக்குக் காவலாகப் பூனையே வந்திருந்தது. மற்றவர்கள் சேற்று வண்டியோடு சாலைக்குப் போயிருந்தார்கள். வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது, உடம்பு முழுக்க. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"மூணுன்னு ஒரு விதியே இல்லையே!"

"இப்ப இருக்கு. மூணு!"

ஓப்பல் ஓடி வந்தாள். "என்ன, ஒரு தரம் ரெண்டு தரம்னு என் வீட்ட ஏலமா விடுறீங்க?" என்றவள், புட்டியைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனாள்.

"அது... என் முதுகு வலிக்கு. உங்களுக்குப் பயந்து காலைலதான் ஒளிச்சு வெச்சேன். அதுக்குள்ள எப்படிடி கண்டுபிடிச்ச?"

"நானும் மாவு டப்பாலதான் வெப்பேன்."

ஓப்பல் வெடுக்கென்று பிடுங்கி மேலாடைப் பையில் போட்டுக்கொண்டாள். கிளாடிஸ் யார் என்று டெஸ்ஸா கேட்கவில்லை. அடுத்தவர் பெயர்ச் சீட்டோடு அவளிடமும் எத்தனையோ புட்டிகள் இருந்ததுண்டு. வெண்டல் தலையைக் குனிந்தபடி மண்வெட்டியை எடுத்தான். இருவரும் கூடத்துச் சேற்றை வெறியோடு வாரித் தள்ளினார்கள்.

மதியம் தாண்டி, பின்வாசல் பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. முதலில் யாருக்கும் புரியவில்லை. மறுபடி கேட்டது.

"ரெண்டு."

ஓப்பல் படியில் உட்கார்ந்திருந்தாள். திறந்த புட்டி உள்ளங்கையில் இருந்தது.

"முதுகு வலி போய் ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள்.

டெஸ்ஸா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளருகில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வெண்டலும் வந்தான், இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் இறுகத் திணித்தபடி.

"மூணு," என்றான்.