ஐந்து படி அலை

எப்சிபா தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியை. அவள் கணவன் பென்னி ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. போவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு இன்வெர்ட்டர் செய்யத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேட்டரிகளின் மின்சாரத்தை ஐந்து படிகளாக ஏற்றி இறக்கி, சீரான அலைபோல ஆக்கித் தரும் கருவி. எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்பது என்று துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் நிரலைப் பென்னிதான் எழுதினான்.

அதில் ஒரு குறை. ஒரு பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மற்றது பாதிகூடக் குறையாது.

"ஜூன் சாரலுக்கு வரும்போது சரி பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனவன், இரண்டு சாரலுக்கும் வரவில்லை. அவன் வந்து தொடட்டும் என்று அவளும் அதை மூடியே வைத்திருந்தாள்.

இந்த ஜூனில் பொறுக்க மாட்டாமல் நிரலைத் திறந்தாள். நடுவில் ஓரிடத்தில், 'எப்சி, இங்கன மட்டும் கை வைக்காத' என்று எழுதியிருந்தான். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு அங்கேயேதான் கை வைத்தாள். ஒவ்வொரு அலை முடிந்ததும் இரண்டு பேட்டரிகளும் வேலையை மாற்றிக்கொள்ளும்படி எழுதினாள்.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆய்வக உதவியாளர் மாடக்கண்ணு அளந்து பார்த்தார். "மேடம், ரெண்டும் ஒண்ணுபோல இறங்கிருக்கு!"

உடனே பென்னியை வீடியோவில் கூப்பிட்டு, அளவுக் கருவியின் திரையில் ஓடிய அலையைக் காட்டினாள்.

"ஏட்டி, நீயா செஞ்ச? அந்த அலையக் கொஞ்சம் கிட்டக்க காட்டு!"

அவன் அலையைப் பார்த்தான். அவள் அவன் காதோர நரையைப் பார்த்தாள்.

"சாரல் விழ ஆரம்பிச்சிட்டு. எப்ப வாரீய?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லுதாவ கம்பெனில, எப்சி. சரின்னுட்டேன்."

"அப்போ நான் இதச் சரி பண்ணாமலே வச்சிருந்திருக்கலாம்."

"ஏன்?"

"நீங்க வாரதுக்கு ஒரு வேலையாவது பாக்கி இருந்திருக்கும்லா."

அவளே போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனாள். குளித்தால் அவனோடுதான் என்று அவன் போனதிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள். பெண்கள் வரிசையில் நின்று, அருவிக்குத் தலையைக் கொடுத்தாள். மூச்சு முட்டியது.

பக்கத்தில் நின்றவள் நகர்ந்து இடம் கொடுத்து, "தனியாவா வந்தீய?" என்று கத்தினாள்.

"ஆமா!" என்று எப்சிபாவும் கத்தினாள். அந்த இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.