அப்பா சொல்ல வேண்டிய வரி

1

மேல்வீட்டு ஜன்னலிலிருந்து விழுந்த மூன்று சொற்கள்தான் இந்தக் கதை: “அப்பா, உங்க வரி.” பிறகு மௌனம். மௌனத்தை எழுத எனக்கு வராது; பேச்சு காதில் விழுந்தால்தான் பேனா நகரும். மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

அந்த அப்பா ஒரு காலத்தில் அச்சகத்தில் காகிதம் வெட்டுபவராக… (இல்லை, மகளிடமிருந்து தொடங்கினால்தான் வலிக்கும்.)

மகள் இப்போது அதே அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அச்சகத்து ஆண்டுவிழாவுக்கு நானூறு வருஷப் பழைய ஆங்கில நாடகம், தமிழில். தீவில் அப்பாவைத் தவிர ஆளையே அறியாமல் வளர்ந்த பெண்ணாக அவள். கரையொதுங்கிய கூட்டத்தைக் கண்டு, மனிதர்கள் இத்தனை அழகா என்று வியக்க வேண்டும். அந்தத் தீவு அப்பாவை ஊரைவிட்டுத் துரத்தியடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

“கூட்டத்துல யாரெல்லாம் நடிக்கிறாங்கம்மா?”

“ஃபோர்மேன், பைண்டர் அண்ணன், ஸ்டோர்காரர். எல்லாரும் தங்கம்ப்பா. நீங்கதான் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கீங்க.”

தங்கம். வெட்டும் மெஷினில் ஒருவனுடைய விரல்கள் போயின; அதன் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னவர் ஃபோர்மேன். அப்பா தானாகவே கழற்றினார் என்று மூவரும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். வேலை போனது இவருக்கு. மகளுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. “அப்பாவுக்கு மெஷின் சத்தம் ஒத்துக்கலம்மா” என்றே சொல்லி வளர்த்தார்.

(அங்கேயே ஏன் அனுப்பினார் என்பீர்கள். வேலை கிடைத்துவிட்டதென்று சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த முகத்திடம் நீங்கள் சொல்லியிருப்பீர்களோ?)

3

வீட்டில் ஒத்திகை. மற்ற வேஷமெல்லாம் அவர் படிப்பார். அவள் வியந்து முடித்ததும் தீவுத் தகப்பன் ஒரு வரி சொல்ல வேண்டும். இதெல்லாம் உனக்குத்தான் புதிது என்கிற மாதிரிக் கசந்த வரி. அங்கே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

“கண்ணாடி மாத்தணும்மா.”

“சாக்கு. நேத்தும் இதே எடம்.”

4

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அவள் மேடையில் அந்த மூவரையும் பார்த்து… (வேண்டாம், சினிமாத்தனம்.)

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறார்.

“தெரியும்ப்பா. சேர்ந்த வாரமே ஃபோர்மேன் சொன்னாரு. கண் கலங்கிட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பரவால்ல சார்னேன்.”

எழுதியதும் அடித்தேன், அடித்த கோட்டுக்குக் கீழே இன்னும் தெரிகிறது. இவர் கொடுக்க வேண்டிய மன்னிப்பையும் வேறு கையிலிருந்து வாங்கிப் போய்விட்டார்களே.

5

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. சாப்பாட்டு மேசையின் விளிம்பைக் கரையென்று வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள். வியந்தாயிற்று. முகத்தில் வெளிச்சம் இன்னும் இருக்கிறது. நிஜமா நடிப்பா, எனக்குத் தெரியவில்லை. நாடகப் பிரதி இப்போது உங்கள் கையில்.

“அப்பா, உங்க வரி.”