செவ்வாய்க்கிழமை ஒன்பது

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் முதல் கருவி. ஆறாவது மாடியில் கம்பி முனகினால், தரைத்தளத்தில் நின்றபடியே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதமாக மனைவியின் போனில் அடிக்கும் 'டிங்' மட்டும் பிடிபடவில்லை.

நாளைக்கு ஆறு முறை, நினைத்த நேரத்தில் அடிக்கும். அவளும் கைவேலையைப் போட்டுவிட்டு எதையோ தட்டுவாள். கேட்டபோது மறைக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்து ஆள் சேர்த்தார்களாம். மனிதர்கள் எப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். மணி அடித்த அந்த நொடியில் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். என்ன செய்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்றும் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் மிஷின்கிட்ட சொல்ற விஷயமா?"

"மிஷினாவது கேக்குதே," என்றாள் அவள். சுருக்கென்றது அவருக்கு.

மாதக் கடைசியில் கல்லூரியிலிருந்து அவளுடைய மார்க் பட்டியல் தபாலில் வந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்தார். 'கணவருடன்' என்ற இடத்திலெல்லாம் ஐந்து, ஆறு. ஒரு ஞாயிறு மட்டும் நாலு. அன்றைக்குத்தான் அவர் லீவு நாளென்றும் பாராமல் மிக்ஸியைப் பிரித்துப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் ஒன்பது, ஒன்பது, பத்து. யாருடன்? நண்பர். என்ன செய்கிறீர்கள்? கற்றுக்கொள்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் கடையில் சரக்கு சரிபார்க்கும் நாள், வர நேரமாகும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து அவர் கண்ணும் காதோடு சேர்ந்துகொண்டது. வெள்ளியன்று சுடிதாரின் கால் பக்கம் கறுப்பாக ஒரு தீற்றல். துவைக்கப் போட்டிருந்ததை எடுத்து மோந்து பார்த்தார். எண்ணெய்தான். ஆனால் அவர் கையிலிருப்பது கெட்டியான கிரீஸ், இது தண்ணீர் மாதிரி. எவனோ வேறொரு மெக்கானிக்! இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. முழங்காலில் என்ன காயம் என்றதற்கு, மேஜை இடித்தது என்றாள். மேஜை இடித்தால் சிராய்க்குமா?

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, மருந்துக்கடைக்கு எதிரே செருப்புக்கடை வாசலில் நின்றார். நாலரைக்கு அவள் வெளியே வந்தாள். துள்ளி நடந்தாள். இரண்டு திருப்பம் தாண்டி அவள் நுழைந்த தெருவைப் பார்த்ததும் அவர் கால் தயங்கியது. அவருடைய அக்கா குடியிருக்கும் தெரு அது. அப்பாவின் ஆபரேஷனுக்குத் தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் அக்கா கையெழுத்துப் போட்டாள். அப்பா வீடு திரும்பவில்லை. அவர் இந்தத் தெருவை மிதித்து நாலு வருஷம் ஆகிறது. அப்படியானால் அக்காவும் இதற்கு உடந்தையா?

கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வெகுநாளாகிவிட்டது. தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நாற்பத்திரண்டு வயது மனைவி, ஒரு பழைய சைக்கிளின் மேல். சீட்டைப் பிடித்தபடி மூச்சிரைக்கப் பின்னால் ஓடும் அக்கா. "கீழ பாக்காதடி, நேரா பாரு!"

நேராகப் பார்த்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். சைக்கிள் சாய்ந்தது, இருவருமாக விழுந்தார்கள். சொல்லி வைத்தாற்போல் போன் 'டிங்' என்றது.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்து, அவருக்குத் தெரியும்படி ஒரு எண்ணைத் தட்டினாள். இரண்டு.

"பின்னாடியே வந்தீங்களா?"

பட்டியலில் நண்பர் என்றுதானே இருந்தது என்று மட்டும் முணுமுணுத்தார்.

"சொந்தம்னு போட மனசு வரல. சொந்தம்னா இப்படிச் சிரிக்க முடியுமா?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. அண்ணி வேண்டாம்னு சொல்லிட்டீங்க, சரின்னு இருந்தேன். என்னால முடியல."

அக்கா முழங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சண்டைய வீட்ல வெச்சுக்கோங்க. டேய், எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. வந்து சீட்டைப் பிடி."

நாலு வருஷத்துக்குப் பிறகு அக்கா பேசிய முதல் பேச்சு இது. அவர் திரும்பிப் போகத்தான் நினைத்தார். வாசல் வரைக்கும் போனார். அதற்குள் மனைவி வீம்புக்குத் தனியாக ஏறி ஒரு மிதி மிதித்தாள். பின்சக்கரத்தில் 'கடக்' என்றது.

"செயின் தொய்ஞ்சிருக்கு," என்றார், தன்னையறியாமல்.

"அப்படியா? எங்களுக்கெங்க தெரியும்," என்றாள் அக்கா.

அவர் திரும்பி வந்து சீட்டைப் பிடித்தார். நாலாவது சுற்றில், அவள் அவரிடம் கொடுத்து வைத்திருந்த போன் சட்டைப்பையில் அடித்தது.

"எவ்வளவு போட?"

மிதித்துக்கொண்டே யோசித்தாள். "ஆறு போடுங்க. முட்டி எரியுது."

"யாரோடன்னு கேக்குது."

"அத நீங்களே பாத்துப் போடுங்க."

அவர் 'கணவர்' என்பதைத் தட்டினார். வியர்வையைத் துடைத்தபடி நிற்கும் அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு, கொஞ்சம் தேடி, 'நண்பர்' என்பதையும் தட்டினார்.